பாசி: தேய்த்துக் கழுவும் பச்சைக்குள் ஒரு நீண்ட வரலாறு



மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் சிம்பாங் ரெங்கத்தில் சுவர்களுக்கும் கால்வாய்களுக்கும் பச்சை நிறம் ஏறிவிடும். பள்ளியின் பின்புற நடைபாதை வழுக்கத் தொடங்கும். கூட்டுப்பணி நாளன்று மாணவர்கள் துடைப்பத்தோடும் வாளியோடும் அந்தப் பச்சையைத் தேய்த்துக் கழுவுவார்கள். அப்படியொரு நாளில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி, "ஐயா, இது செடியா, அழுக்கா?" என்று கேட்டாள். "பாசியம்மா, வழுக்கும், பார்த்து நட" என்றேன். வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் அவளுக்குப் பெயரைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பச்சை, பசுமை, பயிர் முதலிய சொற்களோடு உறவுடையது பாசி என்னும் சொல். நிறத்தைக் கண்டு நம் முன்னோர் வைத்த பெயர் அது. மலாய் மொழியில் இதனை 'லூமுட்' என்பர்; பேராக் மாநிலத்தின் கடற்கரை நகர் ஒன்றுக்கும் அதுவே பெயர். ஆனால் நிறத்தால் வைத்த பெயர் பல பொருள்களை ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. குளத்தில் மிதப்பதும் பாசி, பாறையில் படர்வதும் பாசி, கடலில் விளைவதும் பாசி. நம் வீட்டுக் குழம்பு மசாலாவில் சேரும் கல்பாசியும் பாசி என்றே அழைக்கப்படுகிறது. அறிவியல் நோக்கில் கல்பாசி தனித்த ஓர் உயிரன்று. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம் அது. பூஞ்சை இடமும் ஈரமும் தருகிறது. பாசி உணவு சமைக்கிறது. 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் சைமன் சுவெண்டனர் இவ்வுண்மையைக் கூறியபோது அக்காலத்து அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர்.

அப்படியானால் பாசி என்பதுதான் என்ன? சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் உண்மையான வேரோ தண்டோ இலையோ பூவோ கிடையாது. பெரும்பாலும் நீரிலோ ஈரத்திலோ வாழும். எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். இந்த வரையறைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்களும் அடங்கும். குளிர்க்கடல்களில் தென்னையைவிட உயரமாக வளரும் பழுப்புப் பாசிகளும் அடங்கும். இவை அனைத்தும் ஒரே தாயின் பிள்ளைகள் அல்ல என்பது இன்றைய அறிவியலின் முடிவு. நீலப்பச்சைப் பாசி என்று நாம் அழைப்பவை உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை. பச்சைப் பாசிகள் செடிகொடிகளின் நெருங்கிய உறவினர். பழுப்புப் பாசிகளோ தூரத்துக் கிளையில் பிறந்தவை. 'சிம்பாங்' என்றால் மலாயில் சந்தி என்று பொருள். பாசியும் அத்தகையதொரு சந்திதான். பல உயிர்ப் பாதைகள் அங்கே வந்து கூடுகின்றன.

மூச்சின் மூத்தோர்

பூமி தோன்றி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் முதற்பாதியில் காற்றில் உயிர்வளி கிட்டத்தட்ட இல்லை எனலாம். நீலப்பச்சைப் பாசிகள் கடல்களில் பெருகி, ஒளிச்சேர்க்கையின் கழிவாக உயிர்வளியை வெளிவிட்டன. முதலில் அவ்வளி கடல்நீரில் கரைந்திருந்த இரும்போடு கலந்து துருவாகப் படிந்தது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அது காற்றில் தேங்கத் தொடங்கியது. இன்று நாம் உள்ளிழுக்கும் காற்றில் உயிர்வளி 21 விழுக்காடு. அதன் கணக்கைத் தொடங்கி வைத்தவை, துடைப்பத்தால் நாம் தேய்க்கும் பாசியின் முன்னோர்களே. இன்றும் உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நடக்கிறது. அதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளின் உழைப்பு.

மற்றொரு வியப்பும் உண்டு. முன்னொரு காலத்தில் ஒரு செல் நீலப்பச்சைப் பாசி ஒன்றை விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை. உள்ளே சென்றது உயிரோடு தங்கி, தன்னை விழுங்கிய செல்லுக்கே சமையற்காரராக மாறியது. அதன் வழிவந்ததே இலைகளில் உள்ள பசுங்கணிகம். 1905ஆம் ஆண்டு ரஷ்ய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி இக்கருத்தை வெளியிட்டார். எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. 1967ஆம் ஆண்டு அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் அம்மையார் புதிய சான்றுகளோடு மீண்டும் எழுதிய பின்னரே இது வலுப்பெற்றது. எனவே நம் தோட்டத்து வாழையிலையின் ஒவ்வொரு பச்சைச் செல்லிலும் பழைய பாசியின் வாரிசுகள் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

துணி வணிகரும் ஆசிரியரும்

இவ்வளவு பெரிய உயிரினத்தை மனிதர் எப்போது உற்றுப் பார்த்தனர்? 1674ஆம் ஆண்டு, ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் அந்தோனி வான் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர், தாமே தேய்த்துச் செய்த ஆடியின் வழியே ஓர் ஏரியின் நீரை நோக்கினார். பாம்புபோல் சுருண்ட பச்சைக் கோடுகளைக் கண்டு லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அவர் கண்டது ஸ்பைரோகைரா என்னும் பாசி என இன்று கருதுகின்றனர். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காதவர் அவர். 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் தாவரங்களை வகைப்படுத்தியபோது, பூக்காதவை அனைத்தையும் ஓர் இறுதி வகுப்பில் ஒதுக்கினார். பாசியும் அங்கேதான் இடம்பெற்றது. கடைசி வரிசை மாணவரைப் போல் அது நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1836இல் அயர்லாந்தின் வில்லியம் ஹார்வி நிறத்தைக் கொண்டு பச்சை, பழுப்பு, சிவப்பு எனப் பிரித்த பின்னரே ஓரளவு ஒழுங்கு பிறந்தது.

தமிழ்நாட்டில் அந்தக் கடைசி வரிசை மாணவரைக் கைப்பிடித்து முன்னே அழைத்து வந்தவர் ஓர் ஆசிரியர். அவர் பெயர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி அய்யங்கார். 1886ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பயின்று, அரசு அருங்காட்சியகத்தில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளரானார். 1920இல் மாநிலக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. அக்காலத்தில் இந்தியத் தாவரவியல் என்றாலே பூக்கும் செடிகளைத் தொகுத்துப் பெயரிடும் பணி என்றே பலர் எண்ணியிருந்தனர். அய்யங்காரோ குளம், குட்டை, வயல், மழைநீர்த் தேக்கம், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு எனப் பாசியைத் தேடி நடந்தார்.

1930இல், நாற்பதைக் கடந்த வயதில், அவர் மீண்டும் மாணவரானார். லண்டன் சென்று, பாசியியலில் அன்று தலைசிறந்து விளங்கிய ஃபிரிட்ஷ் என்பவரிடம் ஆய்வு மேற்கொண்டார். 1932ஆம் ஆண்டு தாம் கண்டறிந்த புதிய பாசி ஒன்றுக்குத் தம் ஆசிரியரின் நினைவாக 'ஃபிரிட்ஷியெல்லா' எனப் பெயர் சூட்டினார். ஈர மண்ணில் வாழும் அப்பாசிக்கு மண்ணுக்குள் இறங்கும் பகுதியும் உண்டு. மேல்நோக்கி எழும் கிளைகளும் உண்டு. நீரில் வாழ்ந்த பாசி நிலத்திற்கு ஏறியபோது இப்படித்தான் தோன்றியிருக்குமோ என்று உலகத் தாவரவியலாளர்கள் அதனை ஆர்வத்தோடு ஆராய்ந்தனர். நிலத் தாவரங்கள் வேறொரு பச்சைப் பாசிக் கிளையிலிருந்து வந்தவை என்பதை இன்றைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஃபிரிட்ஷியெல்லா அதே பயணத்தைத் தனியாக முயன்று பார்த்த உறவினர் எனக் கொள்ளலாம். ஆயினும் தென்னிந்திய மண்ணில் கிடைத்த சிறு பச்சை, உலகமே பேசிய கேள்விக்குச் சான்றாக நின்றது என்பது பெருமைக்குரியது.

அய்யங்கார் 1963இல் மறைந்தார். அவருடைய மாணவர்கள் இந்தியாவெங்கும் பாசியியலைப் பரப்பினர். அவர்களுள் ஒருவரான டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிய பெருநூல் உலகெங்கும் ஆய்வாளர்களின் கைந்நூலாக விளங்கியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திய ஒருவர், குட்டைநீரைக் குனிந்து பார்த்ததால் ஒரு துறையே பிறந்தது. நம்மைப் போன்ற ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

சமையலறையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம் வீடுகளில் வண்ண வண்ணமாய் இறுகும் அகார்-அகார் ஒரு மலாய்ச் சொல். சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி எடுக்கும் பொருள் அது. உலகின் மருத்துவ ஆய்வுக்கூடங்கள் அனைத்தும் இன்று அச்சொல்லை வழங்குகின்றன. அது எப்படி அங்கே சென்றது?

1881ஆம் ஆண்டு, ஜெர்மனியில் ராபர்ட் கோக் நடத்திய ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் ஹெஸ்ஸெ என்னும் மருத்துவர் பாக்டீரியாக்களை வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். விலங்குப் பசையான ஜெலட்டினில் அவற்றை வளர்ப்பது அன்றைய முறை. உடல் வெப்பமான 37 பாகையில் ஜெலட்டின் உருகி நீராகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதனைத் தின்று கரைத்தும்விடும். அவருடைய துணைவியார் ஃபேன்னி ஹெஸ்ஸெ அம்மையார் வீட்டில் செய்யும் இனிப்புகளோ வெயிலிலும் உருகாமல் நின்றன. காரணம் கேட்டபோது, தாம் அகார்-அகார் சேர்ப்பதாகக் கூறினார். சாவகத் தீவில் வாழ்ந்து திரும்பிய டச்சு நண்பர் வழியாக அவர் குடும்பம் கற்ற சமையல் முறை அது. அகார் உருகுவதற்குக் கொதிநிலையை நெருங்கும் வெப்பம் வேண்டும். இறுகிய பின் 37 பாகையில் அசையாமல் நிற்கும். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகார் இடம்பெற்றது. அதனைச் சொல்லிக்கொடுத்த அம்மையாரின் பெயர் இடம்பெறவில்லை.

இதே போன்ற மற்றொரு வரலாறு ஜப்பானுடையது. நம் பிள்ளைகள் சிற்றுண்டியாக விரும்பித் தின்னும் நோரி ஒரு சிவப்புப் பாசி. ஆனால் அதன் விதைத்தூள் கோடையில் எங்கே போய் ஒளிகிறது என்று எவருக்கும் தெரியவில்லை. விளைச்சல் பொய்த்தால் மீனவர்கள் செய்வதறியாது தவித்தனர். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கேத்லீன் ட்ரூ-பேக்கர் அம்மையார், அது கோடையில் சிப்பி ஓடுகளுக்குள் வேறோர் உருவில் வாழ்கிறது என 1949இல் கண்டறிந்தார். மணமானதால் விரிவுரையாளர் பதவியை இழந்து, ஊதியமின்றி ஆய்வு செய்தவர் அவர். ஜப்பானுக்கு ஒருமுறையேனும் சென்றதில்லை, 1957இல் மறைந்தார். அவர் கண்டுபிடிப்பால் பிழைத்த நோரி விவசாயிகள் 1963இல் குமாமோட்டோ மாநிலத்தின் உட்டோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் அங்கே அவரை நினைவுகூர்கின்றனர்.

பாம்பன் கடலில் மூச்சடக்கும் தாய்மார்கள்

அகார் தரும் பாசிகள் தமிழ்க் கடலிலும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அகார் வரவு நின்றதால், இந்தியா உட்பட பல நாடுகள் தத்தம் கரைகளிலேயே அப்பாசிகளைத் தேடின. இராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், இராமேசுவரம் வட்டாரத்தில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என மக்களே பெயரிட்டு அழைக்கும் வகைகள் கிடைக்கின்றன. 1960களிலிருந்து அவை ஆலைகளுக்கென அறுவடை செய்யப்பட்டு வருகின்றன. அவ்வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் மீனவப் பெண்கள். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசியைப் பறிக்கின்றனர்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளைக் காக்க அது தேவையான ஏற்பாடு. ஆனால் தலைமுறைகளாக அங்கே இறங்கிய பெண்கள் அத்துமீறுவோராகக் கருதப்படும் நிலை உண்டாயிற்று. அவர்கள் சங்கமாகத் திரண்டனர். பாசி எடுக்கும் நாள்களைத் தாங்களே குறைத்துக்கொண்டனர். இனப்பெருக்கக் காலத்தில் கடலுக்கு இறங்காதிருந்தனர். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைக் கைவிட்டனர். அவர்களை ஒருங்கிணைத்த சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அம்மையாருக்கு 2015ஆம் ஆண்டு சீகாலஜி விருது வழங்கப்பட்டது. பாசி வேரோடு போனால் தம் பிள்ளைகளின் சோறும் போகும் என்பதைப் பாடநூலைப் புரட்டாமலே அறிந்தவர்கள் அவர்கள்.

வயலுக்கு உரம், அளவு மீறினால் நஞ்சு

நம் பாட்டன்மார் தமிழகத்தில் விட்டுவந்த நெல்வயல்களிலும் பாசி உழைத்தது. உரமே இடாத வயல்களிலும் ஆண்டுதோறும் நெல் விளைவது எவ்வாறு என்ற வினாவுக்கு, டாக்காவில் ஆராய்ந்த பி. கே. டே என்பவர் 1939ஆம் ஆண்டு விடை கூறினார். நீர் தேங்கிய வயலில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு ஊட்டுகின்றன. விலை கேட்காத உரக்கடை அது.

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. தோட்டங்களில் இடும் உரமும் வீட்டுக் கழிவும் மழையோடு நீர்நிலைக்குள் இறங்கும்போது பாசி தேவைக்கு மேல் பெருகுகிறது. பகலில் உயிர்வளி தரும் அதே பாசி, இரவில் தானும் அவ்வளியை உள்ளிழுக்கிறது. அது மடிந்து அழுகும்போது எஞ்சியதையும் பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. சில வகைப் பாசிகள் நஞ்சையும் சுரக்கும். 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் கார்லோடினியம் என்னும் நுண்பாசி பெருகி, கூண்டுகளில் வளர்ந்த மீன்கள் பெருமளவில் மடிந்தன. நமக்கு அருகிலுள்ள செம்புரோங் அணையின் நீர்த்தேக்கத்திலும் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அந்நீர் குடிநீராகச் சுத்திகரிக்கப்படுவது. ஆகவே இது நம் வீட்டுக் குழாயின் செய்தி.

2019ஆம் ஆண்டை நம் ஊர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். குப்பைமேட்டிலிருந்து கசிந்த நீரால் பெனுட் ஆற்றில் அமோனியா கூடியதால் சுத்திகரிப்பு நிலையம் நிறுத்தப்பட, வாளிகளோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். அது பாசியால் வந்த கேடன்று. ஆயினும் அமோனியா என்பது நைட்ரஜனின் ஓர் உருவம். பாசிக்கு உணவாவதும் அதே நைட்ரஜன்தான். நாம் எறியும் குப்பையும் வயலில் நெல்லுக்கு ஊட்டும் பாசியும் ஒரே கணக்கேட்டில் வருகின்றன. அந்தக் கணக்கு தவறும்போது முதலில் துன்புறுவது ஆறு. அடுத்தது நம் பிள்ளைகள்.

அந்த மாணவிக்கு விடை

அடுத்த வாரம் நான் ஒரு கண்ணாடிப் புட்டியில் குளத்து நீரை எடுத்து வகுப்பறைச் சன்னலோரம் வைத்தேன். வெயில் ஏறியதும் பச்சை இழைகளில் சிறுசிறு குமிழிகள் முத்துகளாகக் கோத்து நின்றன. "அது என்ன ஐயா?" என்றனர். "நீங்கள் இழுக்கும் மூச்சு" என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிற்று. கேள்வி கேட்ட மாணவி புட்டியின் அருகில் முகத்தை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோர்களும் இதனை வீட்டில் செய்து பார்க்கலாம். குளத்து நீரைப் பிள்ளைகள் குடிக்காமலும், தொட்டபின் கையைச் சவர்க்காரத்தால் கழுவவும் பார்த்துக்கொண்டால் போதும். தீபாவளிக்கு அகார்-அகார் காய்ச்சும்போது ஃபேன்னி அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள். மசாலாவில் கல்பாசியைப் போடும்போது அதற்குள் இரண்டு உயிர்கள் குடியிருந்ததைக் காட்டுங்கள். துணி வணிகர், ஆசிரியர், இல்லத்தரசி, ஊதியமில்லா ஆய்வாளர், மூச்சடக்கும் மீனவப் பெண் ஆகியோரே பாசியின் வரலாற்றை எழுதியவர்கள். பிறர் மிதித்துக் கடந்ததை அவர்கள் குனிந்து பார்த்தனர். அவ்வாறு குனிந்து பார்க்கும் பிள்ளை நம் தமிழ்ப்பள்ளியிலும் இருக்கலாம். அப்பிள்ளை கேட்கும்போது நாம் வெறும் பெயரைச் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

நடைபாதைப் பாசியை நாங்கள் இன்றும் தேய்த்துத்தான் கழுவுகிறோம். பிள்ளைகள் வழுக்கி விழக்கூடாதல்லவா? ஆனால் அதனை அழுக்கு என்று இப்போது எவரும் சொல்வதில்லை.